டாம் சொல்வதை மட்டும் கேட்டால் போதுமா?

கேள்வி: டென்னசி வில்லியம்ஸின் 'தி கிளாஸ் மெனாஜரி' நாடகத்தில் வரும் அம்மா அமாண்டா, மகன் டாம் உறவைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். மகனை மூச்சுமுட்ட வைக்கும் தாய் என்பதுதான் என் வாதம். ஒருபக்கமாக இருக்கிறது என்று பேராசிரியர் திருப்பித் தந்துவிட்டார். எங்கே தவறினேன்?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. சாப்பிட உட்கார்ந்த மகனுக்கு எப்படி மெல்லுவது என்று பாடம் எடுக்கிற அம்மா அவள். அவன் படிக்கக் கொண்டுவந்த புத்தகத்தை அவனைக் கேட்காமலே நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஆனால் இதையெல்லாம் நமக்குச் சொல்வது யார்? டாம். வீட்டை விட்டுப் போன பிறகு, நினைவிலிருந்து சொல்கிறான். இது நினைவு நாடகம் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறான். விட்டுப் போனவனுக்கு, தான் போனதற்கு ஒரு காரணம் வேண்டும். அமாண்டாவின் நச்சரிப்பு நம் காதில் இவ்வளவு உரக்க விழுவதற்கு அதுவும் காரணம் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அப்புறம், பணத்தைப் பாருங்கள். கதை 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் நடக்கிறது. அப்பா ஓடிப்போய்ப் பதினாறு வருடம் ஆகப்போகிறது. அவர் படம் மட்டும் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிறது. செருப்புக் கிடங்கில் டாம் வாங்கும் மாதம் 65 டாலரை நம்பித்தான் வீடு ஓடுகிறது. கால் ஊனமும் கூச்சமும் உள்ள அக்கா லாரா தட்டச்சு வகுப்பைக்கூட முடிக்கவில்லை. அமாண்டா தொலைபேசியில் பத்திரிகைச் சந்தா பிடிக்கிறாள். டாமின் ஒவ்வொரு இரவு வெளியேற்றத்திலும் அவள் கணவனைத்தான் பார்க்கிறாள். அந்தப் பயத்தில் அவனை இறுக்குகிறாள். இறுக்க இறுக்க அவன் விலகுகிறான். தானும் அப்பாவைப் போலத்தான் என்று கடைசியில் டாமே சொல்லிவிடுகிறான்.

நான்காம் காட்சியை நிதானமாகப் படியுங்கள். முந்தின இரவு அம்மாவைச் சூனியக்காரி என்று திட்டியவன், காலையில் காப்பியை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறி மன்னிப்புக் கேட்கிறான். அவள் அழுதுவிடுகிறாள். தன் பாசமே தன்னைச் சூனியக்காரி ஆக்கிவிட்டது என்கிறாள். கப்பலில் சேர அவனுக்கு வந்த கடிதத்தைத் தான் பார்த்ததையும் சொல்கிறாள். போகவே கூடாது என்று அவள் சொல்லவில்லை. லாராவுக்கு ஒரு துணை கிடைத்தபின் போ என்கிறாள். மகனைக் கட்டிப்போடுகிற தாய் என்ற உங்கள் வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது.

அதற்காக அவளை வெள்ளையடிக்கவும் வேண்டாம். மகன் இளகிய அந்த நேரத்திலேயே, லாராவுக்கு மாப்பிள்ளை தேடும் வேலையை அவன் தலையில் கட்டுகிறாள். அவனும் சளைத்தவனில்லை. மின்கட்டணப் பணத்தைக் கடலோடிகள் சங்கத்துக்குக் கட்டிவிடுகிறான். விருந்தாளி வந்திருக்கும் வேளையில் வீடு இருளில் மூழ்குகிறது.

கடைசிக் காட்சியில், டாம் நம்மிடம் பேசிக்கொண்டிருக்க, பின்னால் அமாண்டா லாராவைத் தேற்றுகிறாள். அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. பேச்சு கேட்காத இந்த நேரத்தில் அவளுடைய அசட்டுத்தனம் மறைந்து ஒரு கண்ணியமும் சோகமான அழகும் தெரிவதாக வில்லியம்ஸ் மேடைக்குறிப்பு எழுதியிருக்கிறார். நாடகம் முழுக்க அவள் பேச்சைக் கேட்டுத்தானே நீங்கள் தீர்ப்பு எழுதினீர்கள்? கட்டுரையை இந்தக் குறிப்பிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.