பயந்த நாயை எடுத்துத் தேற்றி நல்ல வீட்டுக்குக் கொடுப்பது: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இப்போது டவுனில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலும் செம்பனைக்காட்டிலும் கைவிடப்பட்ட நாய்களை எடுத்துத் தேற்றி, வீடு பார்த்துக் கொடுத்து வருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகள் பெரும்பாலும் மிரண்ட நாய்களைப் பற்றியவை.

அக்கா, பால்மரக்காட்டு ஓரத்தில் கிடந்த பெட்டை நாயைத் தூக்கி வந்து ஐந்து நாள் ஆகிறது. சமையலறை மேசைக்கடியை விட்டு வரவே மாட்டேன் என்கிறது. கையை நீட்டினால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது.

தங்கச்சி, ஐந்து நாள் அதற்கு ஒன்றுமே இல்லை. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் மிரண்டு கிடக்கும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில்தான் இது நம் வீடு என்று தோன்றும். கல்லடி பட்ட நாய்க்கு இன்னும் கூடுதலாகவே ஆகும்.

கையை நீட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். மேசைக்கடியை அதற்கே விட்டுக்கொடுத்துவிடுங்கள். பழைய கைலி ஒன்றை விரித்து, மேசை மேல் போர்வையைத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் மட்டும் திறந்து வையுங்கள். யாரும் உள்ளே கையை விட்டு இழுக்கக் கூடாது. நீங்கள் இரண்டு எட்டு தள்ளித் தரையில் உட்காருங்கள், தோள்பக்கம் அதைப் பார்த்து இருக்கட்டும். கண்ணுக்குக் கண் பார்ப்பது நாய்க்கு மிரட்டல். கீரை ஆயுங்கள், போனைப் பாருங்கள். அவித்த கோழி ஈரலைச் சின்னதாக வெட்டி அதன் பக்கம் உருட்டிவிட்டுச் சும்மா இருங்கள்.

கறுப்பி என்று ஒரு பெட்டை என்னிடம் இருந்தது. தையல் மெஷினுக்கு அடியில் பதினோரு நாள். தினமும் ஈரல் துண்டு ஒன்றை என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைப்பேன். பன்னிரண்டாம் நாள், பின்னங்கால் இரண்டும் மெஷினுக்கடியிலேயே இருக்க, முன்னுடம்பை மட்டும் இழுத்து இழுத்து நீட்டிக்கொண்டு வந்தது. துண்டைக் கவ்விய பிறகு என் புறங்கையில் மூக்கை வைத்து ஒரு மூச்சு முகர்ந்தது. நான் அசையவில்லை. அசைந்திருந்தால் இன்னொரு பதினோரு நாள் போயிருக்கும்.

உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்வெள்ளை தெரியப் பார்ப்பது, உறைந்து நிற்பது, எல்லாமே 'போதும், தள்ளிப் போ' என்று அது சொல்வதுதான். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமலை அடக்கிவிட்டால் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும்.

மாமனார், பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) இழுத்துப் போனால் பயம் தெளிந்துவிடும் என்கிறார்.

வேண்டாம் தம்பி. அங்கே அடங்கி நிற்கும் நாயைப் பார்த்து, பழகிவிட்டது என்று நினைத்துவிடுவோம். உள்ளே அது செத்துக்கொண்டிருக்கும். விடியற்காலை ஆளில்லாத சந்தில் ஐந்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். தூரத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று போகும்போது ஈரல் கொடுங்கள், நாளாக நாளாக அந்தத் தூரத்தைக் குறையுங்கள். மார்ப்பட்டை ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. மிரண்ட நாய் பின்வாங்கி ஒரே இழுப்பில் பட்டையைக் கழற்றிவிடும். செம்பனைக்காட்டுக்குள் ஓடினால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

முதலில் என்னென்ன மருத்துவம் பார்க்க வேண்டும்?

பூச்சி மருந்து, தடுப்பூசி, உண்ணிக்கு மருந்து, கருத்தடை. நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் உண்ணி ஓய்வதே இல்லை. ஈறு வெளுத்து, சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் உண்ணிக் காய்ச்சலா என்று இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். கொசுவால் வரும் இதயப் புழுவுக்கும் அப்போதே சோதித்துவிடலாம். பெனடால் போன்ற மனித மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சமைத்த கோழி எலும்பும் வேண்டாம், சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

தோட்டத்தில் எலி விஷம் வைக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான் ஐயா. எலி விஷமாக வைக்கும் அந்த மெழுகுக் கட்டி இரத்தத்தை உறையவிடாது. தின்ற அன்று நாய் நன்றாக விளையாடும். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சோர்வு, இருமல், மூக்கில் இரத்தம். தின்றதைக் கண்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். வைட்டமின் கே சில வாரம் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

கடித்துவிட்டால்?

சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்கு. மஞ்சள் அப்பிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். 2017இல் சரவாக்கில் வெறிநோய் பரவி ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

தீபாவளிக்குப் பட்டாசு வெடித்தால் எப்படிச் சமாளிப்பது?

மாலைக்கு முன்னாலேயே நடத்திக் கூட்டி வந்து, கதவு சன்னலைச் சாத்தி, காற்றாடியையும் வானொலியையும் போட்டுவிடுங்கள். பயப்படும்போது தடவினால் பயம் கூடும் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படி எதுவும் இல்லை. அதுவாக உங்களிடம் வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீடு மலாய்க் குடும்பம். சங்கடமாகிவிடுமோ?

முதல் நாளே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்கள் முஸ்லிம்கள், நாயின் எச்சில் படுவது அவர்களுக்குச் சிரமம், கழுவும் முறையே தனியாக இருக்கிறது. அதனால் வேலி ஓட்டையை அடைத்துவிடுங்கள், வாசலைத் தினமும் கழுவிவிடுங்கள். என் பக்கத்து வீட்டு மலாய் அம்மா, கறுப்பி கேட்டுக்கு வெளியே நின்றால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே என்னைக் கூப்பிட்டுச் சொல்வார்.

எட்டு மாதமாக வைத்திருக்கிறேன் அக்கா. என்னைத் தவிர யாரிடமும் போகாது. கொடுக்கவும் மனசு வரவில்லை.

உங்களிடம் மட்டும் போகிறது என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஒரு நாய் என்னை நம்பினால் போதாது, அடுத்தவரை நம்பவும் கற்றுக்கொள்ள வேண்டும். என்னைத் தவிர மூன்று பேர் கையால் வாங்கித் தின்னும் வரை நான் வீடு பார்க்க ஆரம்பிப்பதில்லை. அதில் ஒருவராவது ஆணாக இருக்க வேண்டும். காதையும் பாதத்தையும் தொட விடுவது, காரில் ஏறுவது, ஒரு மணி நேரம் தனியாக இருப்பது, இவற்றையும் மெல்ல மெல்லப் பழக்குங்கள்.

எடுக்க வருகிறவரிடம் குறையை மறைக்காதீர்கள். 'ஆண் குரல் உயர்ந்தால் ஒளிந்துகொள்ளும்' என்று சொல்லிவிட்டால், சரிப்படாதவர் அப்போதே விலகிவிடுவார். இரவில் எங்கே படுக்கும், வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். 'காவலுக்குக் கட்டிப்போட' என்றால் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று தடவையாவது வந்து பார்க்கட்டும், முதல் தடவை நாயைக் கண்டுகொள்ளாமலே உட்காரட்டும். கொடுக்கும் நாளில் அது படுத்த கைலியைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள். சரிப்படாவிட்டால் என்னிடமே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எழுதி வாங்குவது என் வழக்கம்.

கொடுத்த பிறகு எப்போது போய்ப் பார்க்கலாம்?

ஒரு மாதமாவது பொறுங்கள், அதுவரை போனில் படம் கேளுங்கள். கறுப்பியை நாற்பது நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். கேட்டில் என்னைக் கண்டு உடம்பெல்லாம் ஆடுகிற மாதிரி வாலாட்டியது. அப்புறம் திரும்பிப் போய் அந்த வீட்டு அம்மாவின் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டது. போகும்போது ஈரல் எடுத்துப் போங்கள்.