எஞ்சின் நின்றால் சிறு விமானம் கல் மாதிரி விழுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "மகன் இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகுகிறான். அடுத்த மாதம் தனியே பறக்க விடுவார்களாம். கிராமத்து ஓடுதளம் ஒன்றுக்குப் பக்கத்தில் எஞ்சின் நின்று சிறு விமானம் விழுந்த செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அவனிடம் என்ன கேட்கவேண்டும்?"

அம்மா, கல் மாதிரி விழாது. செஸ்னா 172 ரகச் சிறு விமானம் 1,000 அடி உயரத்திலிருந்து எஞ்சின் இல்லாமலே ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் சறுக்கிப் போகும். வயலோ வெட்டையோ கண்டால் இறக்கலாம். விமானம் நெளியும், ஆள் பெரும்பாலும் தப்பிவிடுவார்.

உயிரை எடுப்பது திரும்புகிற ஆசை. கிளம்பி 300, 400 அடியில் எஞ்சின் நிற்கிறது. பின்னால்தானே ஓடுபாதை என்று மனம் இழுக்கும். திரும்புவதற்காக விமானத்தை 45 பாகை சரித்து, உயரம் போகாமல் மூக்கையும் இழுத்துப் பிடித்தால், இறக்கை தாங்குவதற்கு வேண்டிய ஆகக்குறைந்த வேகம் 19 வீதம் கூடும். 60 பாகையில் 41 வீதம். கையில் இருக்கும் வேகமோ குறைந்துகொண்டே வரும். ஒரு பக்க இறக்கை சரிந்து சுழலத் தொடங்கினால் மீட்க உயரம் கிடையாது.

ஆகவே கேளுங்கள்: "எத்தனை அடிக்குக் கீழே திரும்பவே மாட்டாய்?" யோசிக்காமல் ஓர் எண் வரவேண்டும். "நிலைமையைப் பார்த்து" என்றால் அவன் இன்னும் தயாரில்லை. இரத்மலானையில் கடல் பக்கம் கிளம்பினால் நேரே போவதென்பது கடலுக்குத்தான். உயிர்காப்பு அங்கியைப் போட்டிருப்பானா, பின் இருக்கையில் கிடக்குமா என்றும் கேளுங்கள்.

அடுத்தது எரிபொருள். காலையில் தாங்கியின் அடியிலிருந்து சின்னக் கோப்பையில் கொஞ்சம் வடித்துப் பார்ப்பார்கள். விமானப் பெற்றோல் இளநீலம். எஞ்சினை நிறுத்தக்கூடிய தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்தாக நிற்கும். கோப்பை முழுக்கத் தண்ணீர் என்றால் இரண்டையும் பிரிக்கும் கோடே தெரியாது, அவசரக்காரர் ஏமாறுவது அங்கேதான். வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்தால் நீலம் இல்லாதது தெரிந்துவிடும்.

காபரேட்டர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் கருவி) உள்ள எஞ்சினென்றால் பனிக்கட்டியையும் கேளுங்கள். கொழும்பு வெயிலில் ஐஸா என்று சிரிப்பான். காபரேட்டரின் தொண்டையில் வெப்பநிலை 30 பாகைக்கு மேலும் இறங்கலாம். நம்முடைய புழுக்கக் காற்றில் உள்ள ஈரம் அங்கே உறைந்து வழியை அடைக்கும். காபரேட்டருக்குச் சூடான காற்றை விடும் குமிழை எப்போது இழுப்பான் என்று அவன் சொல்லட்டும்.

இதையெல்லாம் பறக்கப் போகிற காலையில் கேட்காதீர்கள். முந்தின ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டில் கேளுங்கள்.