ஓசோன் கொடுத்தும் ஐஎல்-8 ஏறவில்லையா?
செல்களின் மேலே நிற்கும் மீடியத்தை, அதாவது வளர்ப்புத் திரவத்தை, எடுத்துவிடுங்கள். 0.4 பிபிஎம் ஓசோனை 4 மணி நேரம் கொடுத்தும் உங்கள் மூச்சுக்குழாய் செல்களில் ஐஎல்-8 (அழற்சியைக் காட்டும் புரதம்) ஏறாததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஓசோன் நீரில் அவ்வளவாகக் கரையாது. கரைகிற கொஞ்சமும் மீடியத்தில் உள்ள சீரம், அஸ்கார்பேட் (வைட்டமின் சி) என்று எதிர்ப்பட்டதோடெல்லாம் வினைபுரிந்து தீர்ந்துவிடும். செல் சவ்வின் கொழுப்பு அமிலங்கள் வரை வந்து சேராது. செல்களை டிரான்ஸ்வெல்லில், அதாவது அடியில் நுண்துளைச் சவ்வு உள்ள கிண்ணத்தில், வளர்த்து, மீடியத்தை அடியில் மட்டும் விடுங்கள்.

அப்புறம், செல் இல்லாத ஒரு குழியில் ஓசோன் பட்டால் வெளுக்கும் நீலச் சாயமான இண்டிகோ டிரைசல்ஃபோனேட் கரைசலை விட்டு, ஓசோன் கொடுக்கும் அதே பெட்டிக்குள் வையுங்கள். நீலம் வெளுக்கவே இல்லையென்றால் ஓசோன் வரும் குழாயைப் பாருங்கள்; ரப்பர் ஓசோனைத் தின்றுவிடும், டெஃப்லான்தான் சரி.

இன்னொன்று, வறண்ட காற்றே செல்களைக் கொல்லும். அதே ஈரப்பதத்தில், அதே வேகத்தில் வடிகட்டிய காற்று மட்டும் பட்ட தட்டு ஒன்று பக்கத்தில் இல்லாமல், எல்டிஹெச் (சிதைந்த செல்லிலிருந்து கசியும் நொதி) கூடியதை ஓசோன் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.