சில்லு உருளும்போது உராய்வு எந்தப் பக்கம்? உயர்தர மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

இணைந்த கணிதத்தில் கப்பியும் ஆப்பும், பௌதிகவியலில் உருளும் சில்லும் என்று இந்தக் கிழமை வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அநேகமானவற்றில் ஒரே சிக்கல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. உராய்வு கணக்கிலிருந்து கிடைக்கவேண்டிய ஒன்று, அதற்கு முதலே ஒரு பெறுமானத்தையும் திசையையும் கொடுத்துவிட்டுத் தொடங்குகிறீர்கள். எல்லா இடத்திலும் ஈர்ப்பு ஆர்முடுகல் (விழும் பொருளின் வேகம் கூடும் வீதம்) 10 மீற்றர்/செக்கன்² என்று எடுத்திருக்கிறேன், மற்ற ஆர்முடுகல்களும் அதே அலகில்தான்.

கேள்வி (வெள்ளவத்தை): அக்கா, உருளும் சில்லில் உராய்வு முன்னுக்கா பின்னுக்கா? கிளாஸில் ஒரு கணக்கில் முன்னுக்குக் கீறினார்கள், அடுத்த கணக்கில் பின்னுக்கு. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: தங்கச்சி, பாடமாக்கி வைக்க ஒரு திசை கிடையாது. உராய்வே இல்லாவிட்டால் தொடுகைப் புள்ளி எந்தப் பக்கம் வழுக்கும் என்று கேளுங்கள், உராய்வு அதற்கு எதிர்ப்பக்கம். காலி வீதியில் சிக்னல் பச்சையானதும் ஓட்டோ ஒன்று புறப்படுவதைப் பாருங்கள். எஞ்சின் பின் சில்லுகளைச் சுழற்றுகிறது, மழை பெய்து வீதி வழுக்கினால் அவற்றின் அடிப்பக்கம் பின்னோக்கி வழுக்கும், ஆகவே அங்கே உராய்வு முன்னோக்கி. முன் சில்லை எஞ்சின் சுழற்றுவதில்லை, வண்டிதான் அதன் அச்சைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிறது, உராய்வு இல்லாவிட்டால் அது சுழலாமல் அப்படியே சறுக்கும், அதனால் அங்கே உராய்வு பின்னோக்கி. ஒரே வண்டியில் ஒரே நேரத்தில் இரண்டு திசையும் இருக்கிறது. பிரேக் பிடித்தால் மூன்றிலும் பின்னோக்கித்தான்.

சீரான திண்ம உருளை ஒன்றைக் கிடையாக இழுக்கும் கணக்கை மூன்று விதமாக நீங்களே செய்து பாருங்கள். மையத்தில் இழுத்தால் உராய்வு, இழுக்கும் விசையின் மூன்றில் ஒரு பங்கு, பின்னோக்கி. உச்சியில் இழுத்தால் அதே மூன்றில் ஒரு பங்கு, ஆனால் முன்னோக்கி! மையத்துக்கு மேலே ஆரையின் அரைப்பங்கு உயரத்தில் இழுத்தால் உராய்வு பூச்சியம். திசை பிடிபடாவிட்டால் ஏதோ ஒரு பக்கம் கீறிவிட்டுத் தீருங்கள், மறைப் பெறுமானம் வந்தால் மறுபக்கம், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வழுக்காமல் உருளும் பொருளுக்கு உராய்வுக் குணகத்தைச் செவ்வன் மறுதாக்கத்தால் (பரப்பு பொருளைச் செங்குத்தாகத் தள்ளும் விசை) பெருக்கி எழுதுவது. அது வழுக்கும்போதும் வழுக்கும் தறுவாயிலும் மட்டும் வரும் பெறுமானம்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): சாய்தளத்தில் உராய்வு இருக்கும்போது சக்திக் காப்பு எப்படிப் பொருந்தும்? உராய்வு வேலை செய்யாதா?

பதில்: வழுக்காவிட்டால் செய்யாது. மையம் முன்னோக்கிப் போகும் அதே வேகத்தில் சுழற்சி அடிப்புள்ளியைப் பின்னோக்கிக் கொண்டுபோகிறது, இரண்டும் வெட்டுப்பட்டு அந்தக் கணத்தில் தொடுகைப் புள்ளி ஓய்வில் இருக்கிறது, ஓய்விலுள்ள புள்ளியில் தாக்கும் விசை வேலை செய்வதில்லை. உராய்வு இங்கே செய்வது பங்கு பிரிப்பு. திண்ம உருளையின் இயக்கசக்தியில் மூன்றில் இரண்டு பங்கு முன்செல்லும் இயக்கத்துக்கு, ஒரு பங்கு சுழற்சிக்கு. அதனால்தான் 30 பாகைச் சாய்தளத்தில், ஒப்பமாக (உராய்வின்றி) இருந்தால் 5 ஆக வரவேண்டிய ஆர்முடுகல் 3.33 ஆகக் குறைகிறது. மெல்லிய வளையமென்றால் 2.5. திணிவும் ஆரையும் வெட்டுப்பட்டுப் போய்விடும்.

தொடுகைப் புள்ளியின் வேகம்தான் பூச்சியம், ஆர்முடுகல் பூச்சியமல்ல, சீரான வேகத்தில் உருளும்போதும் அது மையத்தை நோக்கி இருக்கும். இன்னொரு விஷயம், வெள்ளவத்தை ஸ்டேஷனைத் தாண்டி மாத்தறைப் பக்கம் ஓடும் ரயிலின் சில்லில் உட்பக்கமாக ஒரு விளிம்பு, தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். அந்த விளிம்பின் அடி, ரயில் முன்னே போகும்போது பின்னோக்கி நகர்கிறது! ஏனென்று வேகங்களைக் கீறிப் பாருங்கள், உருளல் என்றால் என்னவென்று அதிலேயே விளங்கிவிடும்.

கேள்வி (தெஹிவளை): கரடான கிடை மேசையில் 4 கிலோகிராம் திண்ம உருளை. அதில் சுற்றிய இழை உருளையின் உச்சியிலிருந்து கிடையாக வந்து, ஒப்பமான இலேசான கப்பிக்கு மேலாகப் போய் 1 கிலோகிராம் திணிவைத் தாங்குகிறது. உருளை வழுக்காமல் உருள்கிறது. உருளையின் ஆர்முடுகல் எனக்கு 2.5 வருகிறது, விடை 2. எங்கே பிழை அக்கா?

பதில்: தம்பி, "ஒரே இழைதானே" என்று இரண்டு பொருளுக்கும் ஒரே ஆர்முடுகலைப் போட்டிருக்கிறீர்கள், 2.5 வருவதிலிருந்தே தெரிகிறது. இழை பிடித்திருப்பது மையத்தை அல்ல, உச்சியை. மையம் ஒரு மீற்றர் போகும் நேரத்தில் தொங்கும் திணிவு இரண்டு மீற்றர் இறங்கும், ஏனென்றால் மையம் நகர்ந்த தூரத்தோடு உருளையிலிருந்து கழன்ற இழையும் சேர்கிறது. எனவே திணிவின் ஆர்முடுகல் மையத்தின் ஆர்முடுகலைப் போல இரு மடங்கு. விசைகளைத் தொடமுன் இந்தத் தொடர்பைத் தாளில் எழுதிவிட வேண்டும்.

இனித் தொடுகைப் புள்ளி பற்றித் திருப்பம் (விசையின் சுழற்றும் விளைவு) எடுங்கள், உராய்வு சமன்பாட்டுக்குள் வராது. இழுவை × இரண்டு ஆரை = அந்தப் புள்ளி பற்றிய சடத்துவத் திருப்பம் (சுழற்சி மாறுவதற்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு) × கோண ஆர்முடுகல். அந்தச் சடத்துவத் திருப்பம் திணிவு × ஆரை வர்க்கத்தின் ஒன்றரை மடங்கு. சுருக்கினால் இழுவை, மையத்தின் ஆர்முடுகலின் 3 மடங்கு. தொங்கும் திணிவுக்கு 10 − இழுவை = 2 × மைய ஆர்முடுகல். ஆக 10 = 5 × ஆர்முடுகல், விடை 2, இழுவை 6 நியூட்டன். உருளையை முன்னே கொண்டுபோகத் தேவையான விளையுள் விசை 4 × 2 = 8, இழையால் கிடைப்பது 6, மீதி 2 நியூட்டன் முன்னோக்கிய உராய்விலிருந்துதான் வரவேண்டும். செவ்வன் மறுதாக்கம் 40 என்பதால் குணகம் 0.05 ஆவது இருந்தால் போதும்.

சக்தியாலும் சரிபாருங்கள். திணிவு ஒரு மீற்றர் இறங்கினால் 10 ஜூல். அப்போது திணிவிடம் 4 ஜூல், உருளையிடம் 6 ஜூல். பரீட்சையில் இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு நிமிடம் செலவழித்தால் நட்டமில்லை.

கேள்வி (மருதானை): கப்பிக்கு இரு பக்கமும் இழுவை எப்போது சமம்?

பதில்: கப்பி இலேசானது என்றாலோ, இழை கப்பியில் வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்கு அது ஒப்பமானது என்றாலோ சமம். கப்பிக்குத் திணிவு இருந்து, இழை வழுக்காவிட்டால் சமமில்லை, ஏனென்றால் அந்த வித்தியாசம்தான் கப்பியின் சுழற்சியை வேகப்படுத்துகிறது. 3, 2 கிலோகிராம் திணிவுகள், கப்பி 2 கிலோகிராம் சீரான தட்டு என்று வைத்தால் ஆர்முடுகல் 10/6, இழுவைகள் 25உம் ஏறத்தாழ 23.3உம். இலேசான கப்பியென்றால் ஆர்முடுகல் 2, இழுவை இரு பக்கமும் 24.

கேள்வி (பம்பலப்பிட்டி): கேபிள் சுற்றிய பெரிய மர உருளையை, அடிப்பக்கமாக வரும் கேபிளைப் பிடித்துக் கிடையாக இழுத்தால் அது நம் பக்கம் வருமா, விலகிப் போகுமா?

பதில்: வழுக்காவிட்டால் நம் பக்கம் வரும், கேபிள் கழலாமல் இன்னும் சுற்றிக்கொள்ளும். மையம் பற்றிப் பார்ப்பவர்கள் "விலகித்தான் போகும்" என்பார்கள், உராய்வின் திருப்பத்தை மறந்துவிடுகிறார்கள். தொடுகைப் புள்ளி பற்றிப் பாருங்கள், தரையைத் தொடுவது உருளையின் பெரிய பக்க விளிம்புகள் என்பதால் கேபிள் அந்தப் புள்ளிக்கு மேலேதான் போகிறது, எனவே நம் பக்கம் திருப்புகிறது. கேபிளை மெல்ல மெல்ல மேல்நோக்கிச் சரித்துக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் அதன் கோடு தொடுகைப் புள்ளி ஊடாகச் செல்லும், அங்கே உருள மாட்டாது. அதற்கும் மேலே சரித்தால் விலகிப் போகும்.

கேள்வி (வத்தளை): அசையும் ஆப்பின் மேல் துணிக்கை வழுக்கும் கணக்கு எனக்கு ஒருபோதும் வருவதில்லை.

பதில்: நியூட்டனின் இரண்டாம் விதியில் போடவேண்டியது நிலம் சார்பான ஆர்முடுகல். ஆப்பு சார்பான ஆர்முடுகலோடு ஆப்பின் ஆர்முடுகலையும் காவிகளாகக் கூட்டியபிறகே சமன்பாடு எழுதுங்கள். நிலம் ஒப்பமென்றால் முழுத் தொகுதிக்கும் கிடையாக ஒரு சமன்பாடு, துணிக்கைக்குச் சாய்வு வழியே ஒன்று. செவ்வன் மறுதாக்கம் இரண்டிலும் வராது.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): பில்லியர்ட்ஸ் பந்தை மையத்தில் அடித்தால் முதலில் வழுக்கிப் பிறகு உருள்கிறது. உருளத் தொடங்கும் வேகத்தைக் காண உராய்வுக் குணகம் தரப்படவில்லையே?

பதில்: தேவையில்லை, அதுதான் இந்தக் கணக்கின் அழகு. எம். ஜே. எம். லாபீர் 1973இல் இலங்கைக்கு உலக அமெச்சூர் பட்டம் வென்று கொடுத்த விளையாட்டு இது, மேசையில் நடப்பது முழுக்க இந்தப் பாடம்தான். உராய்வு மேசையின் மேற்பரப்பு வழியே தாக்குவதால், அந்தப் பரப்பில் பந்தின் பாதையிலுள்ள ஒரு புள்ளி பற்றி அதற்குத் திருப்பமில்லை, கோண உந்தம் காக்கப்படும். சுழற்சியின்றி 7 மீற்றர்/செக்கன் வேகத்தில் புறப்பட்ட பந்து 5இல் உருளத் தொடங்கும், இயக்கசக்தியில் ஏழில் இரண்டு பங்கு வெப்பமாகப் போய்விடும். இங்கே வழுக்கல் இருப்பதால் உராய்வு வேலை செய்கிறது, சக்திக் காப்பைப் போட்டால் பிழைக்கும். மையத்துக்கு மேலே ஆரையின் ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில் கிடையாக அடித்தால் வழுக்கலே இல்லாமல் முதலிலிருந்தே உருளும். குணகம் கூடினால் பந்து சீக்கிரமாக உருளத் தொடங்கும், குறைந்தால் அதிக தூரம் வழுக்கும், அந்த 5 மட்டும் மாறாது.