வளைவு தூக்கலான பாதம்: இன்சோல் போட்டால் நடை சரியாகுமா?

கேள்வி: துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறேன். சிறுவயது முதலே பாத வளைவு தூக்கலாக இருக்கிறது. சாயங்காலமானால் குதிகாலும் விரல்களுக்குக் கீழுள்ள மேடும் எரிகின்றன. கணுக்கால் அடிக்கடி வெளிப்பக்கம் பிசகுகிறது. ஷூவுக்குள் வைக்கும் இன்சோலைக் கடையில் வாங்கிப் போட்டபின் பிசகுவது கூடிவிட்டது. அளவெடுத்துச் செய்துகொள்ளலாமா?

பதில்: செய்துகொள்ளலாம். ஆனால் இன்சோல் வளைவைத் தாழ்த்திவிடாது. சுமையைப் பங்கிடும், அவ்வளவுதான்.

ஈரக்காலைத் தரையில் வைத்துப் பாருங்கள். குதிகாலும் முன்பாதமும் பதியும். நடுவில் மெல்லிய கோடு விழும், அதுவும் இல்லாமல் போகலாம். அந்த இரண்டு இடங்கள்தான் உடல் எடை முழுவதையும் வாங்குகின்றன. எரிச்சலும் காய்ப்பும் அதனால்தான். இப்படிப்பட்ட பாதம் பெரும்பாலும் விறைப்பாகவும் இருப்பதால் அதிர்ச்சியை அவ்வளவாக உள்வாங்காது. உங்கள் பாத அச்சில் செய்த இன்சோல் நடுப்பாதத்தையும் தாங்கும். அப்போது குதிகாலிலும் முன்பாதத்திலும் அழுத்தம் குறைகிறது. ஆஸ்திரேலியாவில் இதே வகைப் பாதமும் நாள்பட்ட பாத வலியும் உள்ள 154 பேரிடம் நடந்த சோதனை 2006இல் வெளியானது. மூன்று மாதத்தில், அளவெடுத்துச் செய்த இன்சோல் போட்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக்காகப் போலி இன்சோல் போட்டவர்களுக்கும் ஓரளவு குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, உங்களுக்கு ஏன் பிசகல் கூடியது? கடையில் கிடைப்பவற்றில் பல தட்டைப் பாதத்துக்காக உட்பக்கம் உயர்த்திச் செய்தவை. உங்கள் குதிகால் ஏற்கெனவே வெளிப்பக்கம் சாய்வதாகத் தெரிகிறது. அந்த இன்சோல் இன்னும் தள்ளிவிட்டிருக்கும். பலருக்குப் பெருவிரலின் அடி எலும்பு கீழே இறங்கியிருப்பதுதான் சாய்வுக்குக் காரணம். இதைச் சோதிக்க, குதிகாலையும் பாதத்தின் வெளி விளிம்பையும் மரக்கட்டைமேல் வைத்து, பெருவிரல் பக்கத்தைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்வார்கள். குதிகால் நிமிர்ந்தால் முன்பாதத்தின் வெளிப்பக்கத்தை உயர்த்தி, பெருவிரல் மேட்டுக்குக் கீழே பள்ளம் விட்டு இன்சோல் செய்யலாம். நடையில் சாய்வு குறையும். நிமிராவிட்டால் மெத்தை போன்ற தாங்கல்தான், திருத்த முயல்வது வீண். இந்தச் சோதனையைச் செய்யாமல் பாத அச்சு மட்டும் எடுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள் என்பேன்.

ஒரு எச்சரிக்கை. வளைவு ஆண்டுக்கு ஆண்டு கூடினாலோ, ஒரே காலில் மட்டும் இருந்தாலோ, மரத்துப்போதல், முன்பாதம் தொங்கி இடறுதல், குடும்பத்தில் இதே பாதம் இவை இருந்தாலோ முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய் இப்படித்தான் தலைகாட்டும். சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் எந்த இன்சோலும் போட வேண்டாம்.

முதல் நாள் ஒரு மணி நேரம் போடுங்கள். அப்புறம் இரண்டு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். உள்ளே இருக்கும் அட்டையைக் கழற்ற முடிகிற, ஆழமான, நாடா கட்டும் ஷூ வேண்டும். செருப்புக்குள் வைத்தால் நழுவிவிடும். புதுக்காய்ப்போ கொப்புளமோ வந்தால் செய்தவரிடமே கொண்டுபோய்த் திருத்திக் கேளுங்கள். கெண்டைக்கால் இறுக்கமாக இருந்தால் தினமும் நீட்சிப் பயிற்சியும் தேவை.