ராமநாதபுரம் கடலோரத்தில் ட்ரவுட் கிடைக்குமா? ஃப்ளை ராடு எடுத்து வரலாமா?

ட்ரவுட் குளிர்ந்த ஆற்று மீன், இங்கே கிடைக்காது. ஆனால் இறகாலும் நூலாலும் கட்டிய போலி இரையை (ஃப்ளை) வீசிப் பிடிக்கும் உங்கள் ராடைத் தாராளமாக எடுத்து வாருங்கள்.

அமெரிக்காவில் அணைக்குக் கீழே ஆற்றில் நின்று பிடித்துப் பழகியவர் என்றும், வைகையிலும் அணை இருக்கிறதே என்றும் எழுதியிருக்கிறீர்கள். ட்ரவுட்டுக்கு முதலில் வேண்டியது குளிர்ந்த தண்ணீர். கொலராடோ ஆறும் ஒரு காலத்தில் கோடையில் நன்றாகச் சூடேறிய ஆறுதான். அதன் குறுக்கே 710 அடி உயரத்தில் கட்டிய க்ளென் கேன்யன் அணை 1963-ல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கியது. அதன் ஆழத்திலிருந்து வெளியேறும் குளிர்ந்த தண்ணீரை நம்பித்தான் கீழே லீஸ் ஃபெரி என்ற இடத்தில் ட்ரவுட் பிழைக்கிறது. வைகை அணையில் தேக்குவதே 71 அடி. அந்தத் தண்ணீரும் எங்கள் பெரிய கண்மாய்க்கு வருவதற்குள் சூடேறிவிடும். தமிழ்நாட்டில் ட்ரவுட் வேண்டுமென்றால் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் போக வேண்டும். வெள்ளைக்காரர் காலத்திலேயே அங்கே குஞ்சு பொரிப்பகம் வைத்துவிட்டார்கள்.

சரி, இங்கே எப்படிப் பிடிப்பது? அமெரிக்காவில் அணை மதகு எப்போது திறக்கும் என்று பார்த்துத்தானே ஆற்றில் இறங்குவீர்கள்? இங்கே காற்றைப் பார்க்க வேண்டும். மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நாங்கள் வடகடல், தென்கடல் என்போம். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி முதல் தை வரை வாடை (வடகிழக்குக் காற்று). அப்போது நிலைமை தலைகீழ். பாம்பன் கால்வாயில் நீவாடும் (கடல் நீரோட்டம்) காற்றோடு திசை மாறும். பங்குனி, சித்திரையில் இரண்டு கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். முதல்முறை வருகிறவருக்கு அந்த மாதங்களைத்தான் சொல்வேன்.

ட்ரவுட்டுக்கு வைத்திருக்கும் 5-ஆம் எண் ராடு போதாது. அதைவிட வலுவான 8 அல்லது 9 வேண்டும். பூச்சி மாதிரி கட்டிய ஃப்ளைகள் இங்கே உதவாது. இங்குள்ள முரல் மீனும் பாரை மீனும் துரத்துவது நெத்திலியையும் சாளைக் குஞ்சையும். அதனால் ஃப்ளையைச் சின்ன மீன் மாதிரி கட்டுங்கள்: வெள்ளைக் கோழி இறகு, இரண்டு இழை ஜிகினா, விரல் நீளம். அவ்வளவுதான். தண்ணீரில் விழுந்ததும் இடது கையால் லைனை வெடுக் வெடுக்கென்று இழுங்கள், நடுவில் ஒரு நொடி நிறுத்துங்கள். பாரை பெரும்பாலும் அந்த நிறுத்தத்தை ஒட்டித்தான் பாயும். அப்போது ட்ரவுட்டுக்குச் செய்வதுபோல ராடைத் தூக்கினால் தூண்டில் முள் வாயை விட்டு வந்துவிடும். ராடு தண்ணீரை நோக்கியே இருக்கட்டும். கையால் லைனை இறுக்கி இழுங்கள். கூரிய பல்லுள்ள ஊளி மீன் இருக்கும் இடத்தில் முள்ளுக்கு மேலே ஒரு சாண் ஸ்டீல் கம்பி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கடியில் தங்கூசியை (நைலான் நரம்பை) அறுத்துவிடும்.

அரியமான் கடற்கரைப் பக்கம் கரை மெல்லச் சரிவதால் இறங்கி நின்று வீசலாம். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தே நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும். மிதித்துவிட்டால் வால் முள் ஏறும், வலி தாங்க முடியாது. தனுஷ்கோடியில் மட்டும் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், இழுப்பு அதிகம்.

அப்புறம் ஒன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே மீன் பிடிக்க வத்தையில் (சிறு படகில்) கூட்டிப் போகிறேன் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். நாங்கள் கரையில் பிடிக்கும் மீனில் பலவும் குஞ்சாக வளர்வது அந்தப் பவளப்பாறையிலும் கடல் தாழையிலும் (கடற்புல்)தான்.

எங்கே நின்றாலும் முதலில் கரையில் இருப்பவரிடம் "அண்ணே, இங்க வலை கிடக்கா?" என்று கேட்டுவிட்டு வீசுங்கள். அன்றைய காற்றும் நீவாடும் எப்படி என்று அவரே சொல்லிவிடுவார்.