வாசகர் கேள்வி – பதில்: ஜப்பானில் எந்தக் கடையின் சீஸ்கேக்?

கேள்வி: ஒசாகாவில் வேலை பார்க்கும் மகனைப் பார்ப்பதற்காக நானும் என் கணவரும் மார்ச் மாதத்தில் பத்து நாள் செல்கிறோம். ரிக்குரோ, பாப்லோ, லெத்தாவோ என்று ஆளுக்கொரு சீஸ்கேக் கடையைச் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அலைய முடியாது. எது சிறந்தது? நாங்கள் முட்டை சாப்பிடுவோம், இறைச்சி தொடுவதில்லை.
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நீங்கள் சொன்ன மூன்று கடைகளும் விற்பது ஒரே பண்டத்தை அல்ல. சீஸ்கேக்கை ஜப்பானியர் பொதுவாக மூன்று வகையாகப் பிரித்துப் பேசுகிறார்கள். அடுப்பில் சுட்ட கெட்டியான வகை ஒன்று. சுடாமல் குளிரில் இறுகவிடும், 'ரேர்' என்று அவர்கள் அழைக்கும் வகை இன்னொன்று. முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் சேர்த்து, வெந்நீர் ஊற்றிய தட்டில் வைத்துச் சுடும் பஞ்சு போன்ற சூஃப்ளே மூன்றாவது. இட்லியையும் இடியாப்பத்தையும் எதிரெதிரே வைத்து எது உயர்ந்தது என்று நாம் கேட்பதில்லை அல்லவா, இதுவும் அப்படித்தான்.

ஒசாகாவில் தங்கப்போகும் உங்களுக்கு முதல் கடை 'ரிக்குரோ ஓஜிசான்' என்பதில் எனக்குச் சற்றும் தயக்கமில்லை. 'ரிக்குரோ மாமா' என்று பொருள்படும், சூஃப்ளே வகையை விற்கும் இக்கடையின் கிளைகள் ஒசாகா வட்டாரத்துக்குள்ளேயே இருப்பதால், டோக்கியோவுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நாம்பாவில் உள்ள முதன்மைக் கடையில் அடுப்பிலிருந்து கேக்குகளை இறக்கியதும் மணி அடிக்கிறார்கள். பிறகு 18 செ.மீ. விட்டமுள்ள ஒவ்வொரு கேக்கின் மேலும் சிரிக்கும் மாமாவின் முகத்தைச் சூட்டு முத்திரையாகப் பதிக்கிறார்கள். அடியில் உலர்திராட்சை இருக்கும். முழுக் கேக்கின் விலையே ஆயிரம் யென்னை ஒட்டித்தான்.

இக்கேக்கை ஒரே வேளையில் தீர்த்துவிட வேண்டாம். சூடாக இருக்கும்போது பெட்டியை லேசாக அசைத்தாலே தளதளவென்று ஆடும். வாயில் வைத்தால் சீஸைவிட முட்டையின் மணமே முன்னால் வரும். மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் காலையில் எடுத்தால், அதே கேக் இறுகியிருக்கும், சீஸின் மெல்லிய புளிப்பும் மேலெழுந்திருக்கும். சட்டியிலிருந்து எடுத்த கையோடு தின்னும் ஆப்பத்துக்கும் ஆறிப்போன ஆப்பத்துக்கும் உள்ள தூரம் இதற்கும் உண்டு. இரண்டையும் சுவைக்காமல் 'வெறும் காற்றுதான்' என்றோ 'வெறும் முட்டைதான்' என்றோ தீர்ப்புச் சொல்பவர்களை நம்பாதீர்கள். எனக்குப் பிடித்தது சூடான பாதி.

பாப்லோவும் ஒசாகாவில்தான், 2011ஆம் ஆண்டில் தொடங்கியது. மொறுமொறுப்பான டார்ட் ஓட்டுக்குள் சீஸ் கலவையை நிரப்பி, மேலே ஏப்ரிகாட் ஜாம் பூசியிருப்பார்கள். நடுப்பகுதி இளகியிருக்க வேண்டுமா, சற்று வெந்திருக்க வேண்டுமா என்பதற்கேற்பத் தனித்தனி வகைகளும் உண்டு. அந்த ஜாம் சீஸின் சுவையை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். நாள் போதவில்லையென்றால் இதை விட்டுவிட்டு, ரயிலில் அரை மணி நேரத்தில் கோபேக்குப் போய்வாருங்கள். 1931இல் தொடங்கிய மொரோஸோஃப் நிறுவனம் 1969 முதல் டென்மார்க் கிரீம் சீஸில் செய்துவரும் கெட்டியான கேக் அவ்வூருக்கு உரியது. அங்கேயே மோட்டோமாச்சியில் உள்ள கன்னோன்யாவில், மேலே உருகி வழியும் சீஸோடு சூடாகப் பரிமாறும் கேக் கிடைக்கும். உப்பும் இனிப்பும் கலந்த அந்தச் சுவை எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

லெத்தாவோ வடக்கே ஹொக்கைடோ தீவில், சப்போரோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் அடையும் ஒட்டாரு என்ற துறைமுக ஊரில் இருக்கிறது. சுட்ட சீஸ் அடுக்கின் மேல் மாஸ்கார்போன் என்ற இத்தாலியக் கிரீம் சீஸ் சேர்ந்த சுடாத அடுக்கை வைத்த 'டபுள் ஃப்ரோமாஜ்' அதன் பெயர்பெற்ற கேக். அது அருமையானதுதான் என்றாலும், அதற்காக மட்டும் ஒசாகாவிலிருந்து விமானம் ஏற வேண்டியதில்லை. ஹொக்கைடோ உங்கள் பயணத்தில் ஏற்கெனவே இருந்தால் தவறவிடாதீர்கள்.

உணவு முறை பற்றிக் கேட்டது மிக நல்லது. சுடாத வகைகளை இறுகவைக்கப் பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைச் சேர்ப்பார்கள். ஜப்பானியர் அதை 'ஸெராச்சின்' என்பார்கள். பெட்டியில் அச்சிட்ட சேர்மானப் பட்டியலில் அந்தச் சொல் இருக்கிறதா என்று மகனை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாலைத் திரிக்கும் ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததா என்பது பட்டியலில் தெரியாது. அதையும் விலக்குபவராக இருந்தால் சீஸ்கேக்கையே விட்டுவிடுவதுதான் நேர்மையான வழி.

கேள்வி: ஊருக்கு ஒன்று வாங்கி வர முடியுமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: சூஃப்ளே வகையை முயலவே வேண்டாம். பனிக்கட்டிப் பொதி வைத்துத் தருவார்கள் என்றாலும் அது சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். விமான நிலையக் காத்திருப்பையும், அதன் பிறகு சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையின் வெயிலையும் அந்தக் கேக் கடக்காது.

கேள்வி: வீட்டில் ஜப்பானிய முறையில் செய்தேன். அடுப்பில் அழகாக உப்பியது, வெளியே எடுத்ததும் வெடித்து அமுங்கிவிட்டது. கிரீம் சீஸுக்குப் பதில் பன்னீர் சேர்த்திருந்தேன்.
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பன்னீரை எவ்வளவு அரைத்தாலும் அதன் குருணை கரையாது, கிரீம் சீஸில் உள்ள அளவுக்குக் கொழுப்பும் அதில் இல்லை. அதை மாற்றாமல் வேறு எதை மாற்றியும் பயனில்லை. வெள்ளைக்கருவைக் கூர்முனை விறைத்து நிற்கும்வரை அடிக்காமல், முனை சற்றே வளையும் பதத்தில் நிறுத்துங்கள். மிகையாக அடித்த நுரை விரைந்து உப்பி, உப்பிய வேகத்திலேயே வெடிக்கும். வெந்நீர்த் தட்டு கட்டாயம் வேண்டும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாததால் கேக்கின் ஓரங்கள் முந்திக்கொண்டு வேகாமல் அது காக்கிறது. 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகவிட்டு, அடுப்பை அணைத்தபின் கதவைச் சற்றே திறந்துவைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். அப்போதும் ஒரு விரற்கடை அமுங்கும். நாம்பா கடையில் வாங்கும் கேக்கும் வீடு வந்து சேர்வதற்குள் அந்த அளவு அமுங்கத்தான் செய்கிறது.